நண்பருக்கு ஊர் காட்ட: திருச்சியா, தஞ்சாவூரா, கும்பகோணமா?

டெல்டா பக்கம் வீடு இருந்தால் இந்தக் கேள்வி எப்படியும் ஒருநாள் வந்து சேரும். கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோ இருக்கும் நண்பர் போன் செய்வார். "ரெண்டு நாள் லீவு இருக்கு, வர்றேன். கோயில் லிஸ்ட் எல்லாம் வேண்டாம். ஊர்க்காரங்க மாதிரி சுத்திப் பார்க்கணும்" என்பார். சரி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து யோசித்தால், எந்த ஊரில் அறை எடுப்பது என்பதிலேயே குழப்பம் தொடங்கிவிடும். திருச்சியிலிருந்து தஞ்சாவூர் 50 கிலோமீட்டர் சொச்சம். அங்கிருந்து கும்பகோணம் இன்னொரு 40. மூன்றும் ஒரே ரயில் பாதையில் இருப்பதால் மூன்றையும் பார்த்துவிடலாமே என்று ஆசை வரும்.

அந்த ஆசையை விட்டுவிடுவது நல்லது. இரண்டு நாளில் மூன்று ஊர் என்றால் நண்பர் பார்ப்பது பேருந்து நிலையங்களையும் கோயில் வாசல் செருப்புக் கடைகளையும்தான். ஒரே ஊரில் தங்கி, அந்த ஊர் எழும்போது எழுந்து, அது சாப்பிடும்போது சாப்பிட்டு, அது வெயிலுக்கு ஒதுங்கும்போது நாமும் ஒதுங்கினால்தான் அவர் கேட்டது அவருக்குக் கிடைக்கும்.

என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். முதல்முறை வருபவர் என்றால் திருச்சி. ஏற்கெனவே டெல்டாவைக் கொஞ்சம் தெரிந்தவர், நடக்கப் பிடித்தவர் என்றால் கும்பகோணம். தஞ்சாவூர் ஒரு மாலைப் பொழுதுக்கு. தஞ்சாவூர்க்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், காரணம் சொல்கிறேன்.

ஊர்களை ஒப்பிட நான் பார்ப்பது மத்தியான நேரத்தை. காலை ஆறு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் எங்கள் பக்கத்தில் எல்லா ஊருமே நன்றாக இருக்கும். பன்னிரண்டரை வாக்கில் கோயில் நடை சாத்துவார்கள், நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். இடைப்பட்ட அந்த மூன்று மூன்றரை மணி நேரத்தில் நண்பரை என்ன செய்வது என்பதற்கு ஊரிடம் பதில் இருக்க வேண்டும். அறையில் படுக்க வைத்துவிட்டால் ஒரு நாளில் பாதி போய்விடும்.

இந்த ஒரு கணக்கில் மட்டும் பார்த்தால் தஞ்சாவூருக்குத்தான் முதல் இடம். அரண்மனை வளாகம் இருக்கிறது. இரண்டாம் சரபோஜி சேர்த்து வளர்த்த சரசுவதி மகால் நூலகத்தின் காட்சிக்கூடம் அங்கேதான். கலைக்கூடத்தில் சோழர் காலச் செப்புத்திருமேனிகள் வரிசையாக நிற்கின்றன. திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகன தேவர் ஒருவருக்காக மட்டுமே அங்கே போகலாம். சடையைத் தலைப்பாகை போலச் சுற்றிக்கொண்டு, ஒரு காலை மாற்றி வைத்து, காளையின் மேல் கையை ஊன்றிச் சாய்ந்து நிற்பார். காளை இல்லை. ஆனால் அந்தக் கை இருக்கும் விதத்தைப் பார்த்தால் காளையின் உயரம், அது எந்தப் பக்கம் திரும்பி நின்றிருக்கும் என்பது வரை தெரிந்துவிடும். நண்பருக்குக் கலையில் ஆர்வம் இருக்கிறதோ இல்லையோ, அவர் முன்னால் பத்து நிமிஷம் நிற்க வையுங்கள்.

பெரிய கோயிலைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1010இல் ராஜராஜன் முடித்தது, விமானம் 216 அடி, 1987இல் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. கூட வருபவர்களில் யாராவது ஒருவர் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று சொல்வார். விழும். மாலை வெயிலில் போனால் கண்ணாலேயே பார்க்கலாம். அதைவிடக் கல்வெட்டுப் பக்கம் நண்பரைக் கூட்டிப் போங்கள். தான் கொடுத்தது, தன் அக்கா கொடுத்தது, தன் பெண்டுகள் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் இந்தக் கல்லிலே வெட்டுங்கள் என்று ராஜராஜன் சொன்னதாக அங்கே எழுதியிருக்கிறது. பல கோயில்களிலிருந்து அழைத்து வந்த 400 ஆடல் பெண்களின் பெயர்களும், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதும் அந்தச் சுவரிலேயே இருக்கின்றன. ராஜா பெயரை மட்டும் கேட்டுப் பழகியவருக்கு, அந்த ஊரில் குடியிருந்தவர்களின் பெயர்களும் கல்லில் இருக்கின்றன என்று காட்டுவது எனக்கு எப்போதும் பிடிக்கும்.

அப்புறம் ஏன் தஞ்சாவூரில் தங்க வேண்டாம் என்கிறேன்? பெரிய கோயில் மற்ற எல்லாவற்றையும் தனக்குள் இழுத்துக்கொள்கிறது. அதைப் பார்த்து முடித்த பிறகு கீழவாசல் கடைத்தெரு, சிவகங்கைப் பூங்கா, தலையாட்டி பொம்மை என்று எதைக் காட்டினாலும் ஒரு படி கீழே இறங்கிய மாதிரிதான் வந்தவருக்குத் தெரியும். இன்னொன்று, டெல்டாவுக்கு வந்த ஆளுக்குக் காவிரி வேண்டும். தஞ்சாவூருக்குள் வடவாறும் புது ஆறும் ஓடுகின்றன, காவிரி ஓடவில்லை. அதற்குத் திருவையாறு வரை போக வேண்டும். போனால் அசோகா அல்வா சாப்பிட்டுவிட்டுத் தியாகராஜர் சமாதிப் பக்கம் படித்துறையில் உட்காரலாம், அது வேறு சுகம். ஆனாலும் அது இன்னொரு ஊர்.

கும்பகோணம் இதற்கு நேர்மாறு. அங்கே காவிரி வடக்கே, அரசலாறு தெற்கே, நடுவில் ஊர். மகாமகக் குளத்தில் தொடங்கி நாகேஸ்வரன் கோயில், சாரங்கபாணி, கும்பேஸ்வரர், அப்படியே வடக்கே திரும்பிச் சக்கரபாணி, காவிரிப் படித்துறை என்று முழுக்க நடந்தே போகலாம். வண்டியே வேண்டாம். வழியில் சாரங்கபாணி சன்னதித் தெருவில் கணித மேதை ராமானுஜன் வளர்ந்த வீடு, ஓட்டு வீடு, திண்ணையோடு அப்படியே இருக்கிறது. அவர் சிறுவனாகக் கோயில் மண்டபத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடந்த தெருவில்தான் நாமும் நடக்கிறோம். நாகேஸ்வரன் கோயில் வெளிச்சுவரில் முற்காலச் சோழர் சிற்பங்கள் ஆள் நிற்பது போலவே நிற்கும். பக்கத்தில் போய் முகத்தைப் பாருங்கள், கூட்டமும் இருக்காது.

சாப்பாட்டில் கும்பகோணத்தை மிஞ்ச மற்ற இரண்டுக்கும் முடியாது என்பது என் எண்ணம். நெடுஞ்சாலை முழுக்க ஊர்ப் பெயரை எழுதி விற்கும் காபியை விடுங்கள். ஊருக்குள் காலை ஆறு மணிக்குப் புதுப்பாலில், கெட்டி டிகாக்‌ஷனில், பித்தளை டவரா டம்ளரில் ஆற்றிக் கொடுப்பது தனி. இட்லிக்குக் கடப்பா கிடைக்கும் நாளாகப் பார்த்துக் கேட்டு வாங்குங்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் தேங்காய் அரைத்துவிட்டுச் செய்வது. கோயம்புத்தூர்க்காரர் கண்டிப்பாக வீட்டுக்குப் போன் போட்டுச் செய்முறை சொல்வார். வெற்றிலையை மறக்காதீர்கள். கும்பகோணம் வெற்றிலைக்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. சாப்பிட்டபின் ஒரு கொழுந்து வெற்றிலை போட்டுக்கொள்வது இன்றும் அங்கே பலருக்கு வழக்கம்.

மத்தியானம்? கும்பகோணத்துக்குள் பாத்திரக் கடைகளைத் தவிரப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் பேருந்தில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் சுவாமிமலை. அங்கே ஸ்தபதிகளின் பட்டறைகளில் கோயில் நேரம் எல்லாம் கிடையாது. தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் முதலில் உருவம் செய்வார்கள். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணை மெல்லிசாகப் பூசிக் காயவைத்து, பிறகு கனமாக அப்பி, கம்பி கட்டிச் சூடுபடுத்துவார்கள். மெழுகு உருகி ஓடிவிடும். அது இருந்த இடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றி, ஆறியபின் மண் அச்சை உடைத்தால் சிலை. ஒரு அச்சில் ஒரு சிலைதான், இன்னொன்று வேண்டும் என்றால் மறுபடி மெழுகிலிருந்து தொடங்க வேண்டும். தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் ரிஷபவாகன தேவர் இப்படித்தான் பிறந்தார் என்பதை ஒருவர் உட்கார்ந்து கையால் செய்யும்போது பார்ப்பது பெரிய விஷயம். அவர்கள் வேலை நேரம் அது. கேட்டுக்கொண்டு உள்ளே போக வேண்டும், அரை மணியில் எழுந்துவிட வேண்டும்.

திரும்பும் வழியில் தாராசுரம். இரண்டாம் ராஜராஜன் கட்டிய ஐராவதேஸ்வரர் கோயில், 2004இல் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பெரிய கோயிலைப் பார்க்கத் தலையை நிமிர்த்த வேண்டும், இங்கே குனிய வேண்டும். நாயன்மார் கதைகள் எல்லாம் சாண் அளவுச் சிற்பமாக அடிச்சுவரில் ஓடுகின்றன.

இவ்வளவு சொல்லியும் முதல்முறை வருபவருக்குக் கும்பகோணத்தை நான் தராததற்குக் காரணம், அது கோயில் ஊர், பெரும்பாலும் கோயில் ஊர் மட்டும். நவக்கிரகச் சுற்றுலா வேன்கள் கும்பகோணத்தில்தான் தங்கும். சனி, ஞாயிறில் அறை கிடைப்பதும் சிரமம், பெரிய தெருப் பக்கம் நடப்பதும் சிரமம். நண்பர் வாரநாளில் வந்தால் எண்ணம் மாறலாம். 2028இல் மகாமகம் வருகிறது. அந்த மாசி மாதத்தில் ஊர் பார்க்க யாரையும் அழைத்துப் போகாதீர்கள், நீராடப் போனால் மட்டும் போங்கள்.

திருச்சிக்கு வருவோம். திருச்சி பெரிய ஊர். ரயில்வே பணிமனை, பெல் தொழிற்சாலை, கல்லூரிகள், விமான நிலையம் என்று கோயிலுக்குச் சம்பந்தமே இல்லாமல் பிழைக்கிற லட்சக்கணக்கான ஜனங்கள் இருக்கிற ஊர். அதே ஊரில்தான் காவிரியும் கொள்ளிடமும் இருபக்கமும் ஓட நடுவில் ஸ்ரீரங்கம் தீவாக இருக்கிறது. இங்கே காவிரி யாரும் போய்ப் பார்க்கும் இடம் இல்லை. வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்கள் தினமும் தாண்டிப் போகும் ஆறு. டெல்டாவுக்கு வருபவர் பார்க்க வேண்டியது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

அறையை மத்தியப் பேருந்து நிலையம் பக்கம் எடுப்பதுதான் எல்லோரும் செய்வது. ரயிலடி பக்கம், ஓட்டல்களும் அதிகம். அதை நான் ஏற்பதில்லை. அங்கே தங்கினால் ஒவ்வொரு காலையும் ஊரைத் தேடிப் போக வேண்டும். தில்லை நகர் சௌகரியமாக இருக்கும், நல்ல சாப்பாட்டுக் கடைகள் உண்டு, ஆனால் எந்தப் பெரிய ஊரிலும் இருக்கும் ஒரு பகுதி அது. ஸ்ரீரங்கத்தில் எடுங்கள். ஏழு பிராகாரங்களில் வெளியே இருப்பவற்றில் வீடும் கடையும் பள்ளிக்கூடமும் இருக்கின்றன. அடையவளஞ்சான் வீதி, சித்திரை வீதி, உத்திர வீதி என்று வெளியிலிருந்து உள்ளே போகும். ஒவ்வொன்றிலும் கீழ, மேல, தெற்கு, வடக்கு. விலாசம் கேட்கும்போது திசையைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் ஆட்டோக்காரர் எதிர்ப்பக்கம் கொண்டுபோய் விடுவார். காலை ஐந்தரைக்கு இந்த வீதிகளில் கோலம் போடும் நேரத்தில் ஒரு சுற்று நடந்துவிட்டு, அம்மா மண்டபம் படித்துறைக்குப் போய் வந்தால் காபிக்குச் சரியாக இருக்கும். 236 அடி ராஜகோபுரம் பல நூறு வருஷம் அடிப்பகுதியோடு மொட்டையாக நின்று 1987இல்தான் முழுமையானது என்று சொல்லுங்கள். அந்த மொட்டைக் கோபுரத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் இன்றும் தெருவில் இருக்கிறார்கள், பேச்சுக் கொடுத்தால் கதை வரும். உள்ளே போனால் வெள்ளைக் கோபுரத்துப் பக்கம் சேஷராயர் மண்டபத்தில் பாயும் குதிரைகள்.

மத்தியானத்துக்குத் திருச்சியிடம் இருப்பது வேறு எந்த ஊரிடமும் இல்லை. திருவானைக்காவில் உச்சிக்கால பூஜை. அர்ச்சகர் புடவை உடுத்தி, கிரீடம் வைத்து, அகிலாண்டேஸ்வரியாகவே அம்மன் சன்னதியிலிருந்து மேளதாளத்தோடு நடந்து வந்து ஜம்புகேஸ்வரருக்குப் பூஜை செய்வார். கோபூஜையும் நடக்கும். தினமும் நடக்கிறது, விசேஷ நாள் பார்த்து வர வேண்டாம். அம்பாளே வந்து பூஜிக்கிறாள் என்று நம்பி நிற்கும் பெண்களின் நடுவே நிற்கும்போது, இந்த ஊர் கோயிலை எவ்வளவு நெருக்கமாக வைத்திருக்கிறது என்பது வந்தவருக்கு விளங்கும். மற்ற ஊரில் கோயில் மூடுகிற நேரத்தில் இங்கே நாளின் முக்கியமான பூஜை நடக்கிறது. முடிந்து வெளியே வந்தால் பக்கத்திலேயே நெய் தோசை. சர் சி.வி. ராமன் 1888இல் பிறந்ததும் இந்தத் திருவானைக்காவில்தான்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். வருபவர் வேறு மதத்தவர் என்றால் ஸ்ரீரங்கத்திலும் திருவானைக்காவிலும் உட்பகுதிக்கு அனுமதி கிடையாது. நம்பி வந்த நண்பரைப் பலகைக்கு முன்னால் நிறுத்திவிட்டு நாம் உள்ளே போவது சரியில்லை. அப்படிப்பட்ட பயணத்துக்குப் பெரிய கோயிலும் தாராசுரமும் பொருத்தம், வளாகம் முழுக்கத் தடையில்லாமல் சுற்றலாம். திருச்சியில்தான் தங்குவது என்றால் ஸ்ரீரங்கம் வீதிகள், படித்துறை, பாலம், மலைக்கோட்டை அடிவாரக் கடைத்தெரு, லூர்து அன்னை ஆலயம், நத்தர்வலி தர்கா என்று நாளை வேறு மாதிரி அமைத்துக்கொள்ளலாம். அதுவும் குறைந்த நாள் இல்லை.

மலைக்கோட்டையை மாலைக்கு வையுங்கள், நாலரைக்கு ஏறத் தொடங்கினால் போதும். அடியில் மாணிக்க விநாயகர், நடுவில் தாயுமானவர், உச்சியில் பிள்ளையார். மேலே ஏறும் வழியில் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகை இருக்கிறது. அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு ஒரு அழகான காரணம் சொல்கிறது. தரையில் வீடு கட்டி இருந்தால் சோழநாட்டின் செழிப்பையும் காவிரியையும் நான் எப்படிப் பார்ப்பேன் என்று சிவன் கேட்டாராம், அதனால் அரசன் மலைமேல் கோயில் எடுத்தானாம். ஏழாம் நூற்றாண்டில் எழுதியது. அதைச் சொல்லிவிட்டு உச்சிக்குக் கூட்டிப் போனால் கீழே தெப்பக்குளம், கடைத்தெரு, வடக்கே காவிரி, தென்னந்தோப்புகளுக்கு மேலே ஸ்ரீரங்கத்துக் கோபுரங்கள் எல்லாம் ஒரே பார்வையில் தெரியும்.

இறங்கினால் பெரிய கடை வீதி, சின்னக் கடை வீதி, என்.எஸ்.பி. ரோடு. ஜவுளி, நகை, பூட்டு, பாத்திரம், மணப்பாறை முறுக்கு. கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டே மெயின் கார்டு கேட் வரை வந்து மைக்கேல் ஐஸ்கிரீம் சாப்பிடுவது திருச்சியில் படித்த ஒவ்வொருவருக்கும் தெரிந்த மாலை. எதிர்ப்பக்கம் செயின்ட் ஜோசப் கல்லூரி, அப்துல் கலாம் படித்த இடம். அங்கிருந்து சத்திரம் பேருந்து நிலையம் நடக்கும் தூரம். ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்தால் காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் வந்துவிடும்.

எதில் சுற்றுவது என்றால் தயங்காமல் டவுன் பஸ் என்பேன். கார் மலைக்கோட்டைப் பக்கம் நிறுத்த இடமில்லாமல் தொல்லை கொடுக்கும். இருசக்கர வண்டி வசதிதான், ஆனால் ஓட்டுகிறவருக்கு ரோடும் உட்கார்ந்திருப்பவருக்கு ஹெல்மெட்டும்தான் மிஞ்சும், பேச்சு நடக்காது. ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் பூக்கூடையோடு ஏறும் அம்மா, கல்லூரிப் பையன்கள், நாமம் போட்ட பெரியவர் எல்லோரும் ஒன்றாக வருவார்கள். தோழி வருகிறார் என்றால் சாதாரண நகரப் பேருந்தில் அவருக்குக் கட்டணமும் கிடையாது, 2021இலிருந்து. கல்லணைக்கும் சத்திரத்திலிருந்து பஸ் உண்டு. காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று தண்ணீர் பிரியும் இடத்தைப் பார்க்காமல் டெல்டாவைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. முக்கொம்பும் நல்ல இடம்தான், இரண்டில் ஒன்று என்றால் கல்லணை.

எந்த மாதம் என்பதும் முடிவை மாற்றும். வழக்கமான வருஷத்தில் மேட்டூர் ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவார்கள். ஏப்ரல், மே மாதங்களில் வந்தால் கும்பகோணத்தில் காவிரி வெறும் மணல். திருச்சியிலும் பெரிதாக இருக்காது என்றாலும் ஊர் அதோடு நின்றுவிடாது. ஆடிப்பெருக்கு அன்று வர முடிந்தால் மற்ற ஒப்பீடெல்லாம் வேண்டாம், அம்மா மண்டபம்தான். காதோலை கருகமணி வைத்துப் படையல், தாலிக்கயிறு மாற்றும் புதுப்பெண்கள், கூட்டம் கூட்டமாக ஜனங்கள். ஜனவரியில் அறுவடை நேரத்தில் தஞ்சாவூர் போகும் ரயிலில் ஜன்னல் சீட் கிடைத்தாலே பாதிப் பயணம் நிறைந்துவிடும். வைகுண்ட ஏகாதசியை ஒட்டிய நாட்களில் ஸ்ரீரங்கத்தில் அறை எடுக்க நினைக்காதீர்கள்.

இரண்டாம் நாள் மத்தியானம் திருச்சி அறையைக் காலி செய்துவிட்டு ரயிலேறினால் ஒரு மணி நேரத்தில் தஞ்சாவூர். கலைக்கூடத்தில் வெயில் தாழும்வரை இருக்கலாம், நாலு மணிக்குப் பெரிய கோயில், இருட்டும்வரை புல்வெளியில் உட்காரலாம். நண்பர் திருச்சிக்குத் திரும்பவே வேண்டாம். சென்னைக்காரர் என்றால் உழவன் எக்ஸ்பிரஸ், கோயம்புத்தூர் என்றால் செம்மொழி, பெங்களூர் என்றால் மைசூர் எக்ஸ்பிரஸ், மூன்றுமே தஞ்சாவூர் வழிதான். மைசூர் வண்டி மற்ற இரண்டுக்கும் முன்னாலேயே போய்விடும், பெங்களூர்க்காரரைக் கோயிலிலிருந்து கொஞ்சம் சீக்கிரம் கிளப்ப வேண்டும். டிக்கெட்டைத் தஞ்சாவூரிலிருந்து போடச் சொல்லி முன்கூட்டியே அவருக்குத் தகவல் அனுப்பிவிடுங்கள்.